மாங்கா அடிக்கிறவன்

அட்சதைத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது நான் இடது கையைத்தான் நீட்டினேன், நீட்டிய பிறகுதான் அது இடது கை என்று எனக்கே தெரிந்தது, தட்டைப் பிடித்திருந்த, மாப்பிள்ளை பரமுவின் அம்மா அதைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "சோத்தாங்கையில வாங்குய்யா, நல்ல காரியம் நடக்குது," என்றார். வலது கையை நீட்டினேன். மஞ்சள் அரிசி, நடுவில் ரெண்டு ரோஜா இதழ். மற்றவர்களுக்கு விரல் நுனியில் கிள்ளிப் போட்டவர் எனக்கு மட்டும் ஒரு பிடி அள்ளி வைத்தார். "நீ எறியிறது எம்புள்ள நெத்தியில விழணும். உங்கையில இருந்து போனா தப்புமா," என்று சிரித்தார், பட்டுச்சேலை சரசரக்க நகர்ந்துபோனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பிவந்து, "தை பொறந்ததும் ரெண்டு பேரும் பிளேன் ஏறிருவீகளாம்ல, அவன் சொன்னான். கட்டிக்கப்போற புள்ளையையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுய்யா, நீ சொன்னாத்தான் கேப்பான்," என்றார். நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார். கையை மூடினேன், மூன்று விரல்தான் மூடியது என்று நினைக்கிறேன், மோதிர விரலும் சுண்டுவிரலும் மூடினவா இல்லையா என்று கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த ரெண்டு விரலும் வேறு யாருடையவோ போல இருக்கின்றன. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிற ஆளுடைய விரல் நம் தொடையில் கிடக்குமே, அந்த மாதிரி. கோயம்புத்தூர் டாக்டர் போன வாரம் ஒரு ஊசியை வைத்துச் சுண்டுவிரலில் குத்திக்குத்திப் பார்த்தார். தெரியுதா. தெரியலைங்க. இங்க. தெரியலைங்க. இங்கயாவது. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே, "பைக் ஓட்டலாம் தம்பி, எழுதலாம், கொஞ்சம் பழகிக்கிட்டா எல்லாம் செய்யலாம். எறியறது மட்டும் மறந்துருங்க," என்றார். எறிவது மட்டும். என்னிடம் அது மட்டும்தான் இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மேடையில் பரமு உட்கார்ந்திருக்கிறான். சம்மணம் போட்டு உட்காரத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான், குத்துக்கால் வைத்தே வளர்ந்தவன், பேஸ்பாலில் பந்து பிடிக்கிற கேட்ச்சர்களுக்கு முட்டி அப்படித்தான் ஆகிவிடும், அய்யர் சொல்லச்சொல்ல அவன் ஒரு காலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருக்கிறான், பக்கத்தில் அகிலா குனிந்து சிரிப்பை அடக்குகிறாள். நல்ல பெண். ஓமப்புகை அவன் கண்ணில் படுகிறது. புகைக்கு நடுவே அவன் என்னைத்தான் தேடுகிறான், தெரிகிறது, மாட்டிய முகமூடிக்குள்ளிருந்து அந்தக் கண்கள் என்னை எத்தனை மைதானத்தில் தேடியிருக்கின்றன, எனக்குத் தெரியாதா. நான் நாலாவது வரிசையில் முன்னால் இருப்பவரின் தலைக்குப் பின்னால் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். காலையில் அவன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

காலையில் மாப்பிள்ளை அறையில் பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டான். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். "மாப்ள, கை எப்படிறா இருக்கு." எங்கள் பக்கம் சேக்காளிகள் எல்லாரும் மாப்ளதான், இன்றைக்கு நிஜ மாப்பிள்ளை அவன், அவன் என்னை மாப்ள என்றதும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்கவேண்டும், வரவில்லை. இருக்கு, என்றேன். "இருக்குன்னா? டாக்டரு என்னதான்டா சொல்றாரு." நான் வேட்டி மடிப்பைச் சரிசெய்தேன். மடிப்பு விரலுக்குள் நிற்காமல் வழுக்கியது, அவன் குனிந்து என் கையைப் பார்ப்பதற்குள் இடது கையை மாற்றிக்கொண்டேன். அப்புறம் அவன் குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணு கேக்கறேன், சொல்லுவியா. அன்னைக்கு நான் ரெண்டு வெரலக் காட்டுனேன். நீ சரின்னுதானடா தலையாட்டுன? எனக்குத் தூக்கமே இல்ல மாப்ள. கண்ண மூடுனா நீ தலையாட்டுறதுதான் வருது. சரின்னுதான ஆட்டுன? ஒரு வார்த்த சொல்லிட்டீன்னா நிம்மதியாத் தாலியக் கட்டுவேன்." நான் வாயைத் திறந்தேன். போட்டோக்காரர் கதவைத் தட்டினார், மாப்ள சார், லைட்டு போயிட்டிருக்கு சார், என்றார். பரமு என்னைப் பார்த்துக்கொண்டே போனான். வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தான்.

"தம்பிதான் எறியிறவரோ," என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிறார். பெண்ணுக்குப் பெரியப்பா முறையாம். ஆமாங்க, என்றேன். "மாப்ள புடிக்கிறவரு." ஆமாங்க. "அதாவது நீங்க எறிஞ்சா அவரு புடிப்பாரு. நடுவுல ஒருத்தன் கட்டைய வச்சுக்கிட்டு நிப்பான்." ஆமாங்க. "அவன் அடிச்சுட்டா?" அடிச்சுட்டா ஓடுவானுங்க. அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவன் அடிக்காம இருக்கறதுக்குத்தான் உங்க ரெண்டு பேருக்கும் சம்பளம்," என்றார். இவ்வளவு தெளிவாக எங்கள் கோச்சே சொன்னதில்லை. "பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி நான் கேட்டேன் தம்பி, என்ன தொழிலுன்னு. பந்து புடிக்கிறாருன்னாக. அது ஒரு தொழிலான்னேன். அப்பறம் டிவில ரெண்டு பேரையும் காட்டுனாக, சரிதான்னுட்டேன். தம்பி முதுகுல இங்கிலீசுல என்னமோ எழுதியிருந்துச்சு, மாங்கான்னு படிச்சான் எம் பேரன், நான் அவன வஞ்சேன், ஒழுங்காப் படிறான்னு." இல்லைங்க, அவன் சரியாத்தான் படிச்சிருக்கான், என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாங்கா. என் பேர் தயாளன் என்பது என் வீட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டும் தெரியும். பிறந்ததிலிருந்தே என் வலது முழங்கை நேராக நீளாது, கொஞ்சம் மடங்கியே இருக்கும், அம்மா எண்ணெய் போட்டு நீவிநீவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கிரிக்கெட்டில் ஓடிவந்து போட்டால் நல்ல வேகம் வரும், ஸ்டம்பு பறக்கும், பறந்த உடனே எதிர்டீம் மொத்தமும் மாங்கா மாங்கா என்று கத்தும். கையைச் சுழற்றாமல் மரத்து மாங்காய்க்குக் கல்லெறிகிற மாதிரி எறிகிறானாம். அம்பயர் கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். நோபால். மறுபடி ஓடிவருவேன், மறுபடி நீட்டுவார். நான் என்ன செய்ய, என் கை அப்படி. திண்டுக்கல்லில் இருக்கிற எந்த டீமிலும் கடைசியில் என்னிடம் பந்தைக் கொடுப்பதில்லை, எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள், அங்கேயிருந்து நான் எறிந்தால் பந்து தரையில் படாமல் கீப்பர் கைக்குப் போகும். கீப்பர் பரமு. ஒருநாள் மேட்ச் முடிந்து கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினான், சிவந்திருந்தது. "உனக்குன்னே ஒரு விளையாட்டு இருக்குடா. வா," என்று சைக்கிளில் ஏற்றிக் காலேஜ் மைதானத்துக்குக் கூட்டிப்போனான். பின்பக்கம் கொஞ்சம் பேர் என்னவோ விளையாடிக்கொண்டிருந்தார்கள், பேஸ்பாலாம், நடுவில் மண்ணைக் குவித்து ஒரு சின்ன மேடு, மேட்டில் நின்று ஒருத்தன் எறிந்துகொண்டிருந்தான், முழங்கையை மடக்கி, பளிச்சென்று மாங்கா அடித்துக்கொண்டிருந்தான், யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. "இங்க மாங்காதான்டா அடிக்கணும்," என்றான் பரமு. இத்தனை நாள் நான் தப்பு செய்யவில்லை, தப்பான மைதானத்தில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த ஒரு சாயங்காலத்துக்காக அவன் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன். அவன் கேட்டதெல்லாம் ஒரு விரல், ரெண்டு விரல். ஒரு விரல் காட்டினால் வேகமாக நேராக. ரெண்டு விரல் காட்டினால் கர்வ், மணிக்கட்டை உள்ளே திருப்பி விடவேண்டும், பந்து அடிக்கிறவனின் நெஞ்சுக்கு வருகிற மாதிரி வந்து முட்டிக்கு இறங்கிவிடும். ரெண்டு தொடைக்கு நடுவே ஒளித்து எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டுவான். நான் தலையாட்டுவேன். மாவட்டம், மாநிலம், யுனிவர்சிட்டி, எங்கே போனாலும் அவன் காட்டுவான், நான் ஆட்டுவேன். அரபு நாட்டில் புதிதாக ஒரு லீக் ஆரம்பித்தபோது எங்கள் ரெண்டு பேரையும் ஜோடியாகத்தான் எடுத்தார்கள். சட்டையில் என்ன பேர் போட என்று கேட்டார்கள், நான் யோசிப்பதற்குள் பரமு சொல்லிவிட்டான், மாங்கா. கோச் அதை ஜப்பான் படக்கதை என்று நினைத்துக்கொண்டிருந்தார் கடைசிவரைக்கும்.

கையில் என்னவோ லேசாகிற மாதிரி இருக்கிறது. இல்லை, மனசுதான். நாதஸ்வரக்காரர் சீவாளியை மாற்றுகிறார், தவில்காரர் விரலில் மாட்டிய கூட்டைத் தட்டித்தட்டிப் பார்க்கிறார், இன்னும் நேரமிருக்கிறது, அந்த நேரத்துக்குள் நான் ஒரு பதிலைத் தேடிவைத்துக்கொள்ளவேண்டும். முதல் மாதம் பரமுவுக்குக் காய்ச்சல். ஒரு வெனிசுவேலாக்காரனை எனக்குக் கேட்ச்சராக உட்காரவைத்தார்கள். அவன் ஒரு விரல் காட்டினான். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டினேன், சரி என்று. அவன் ரெண்டு விரல் காட்டினான். சரி, ஆட்டினேன். மூணு விரல். அதுக்கும் சரி. நாலு. அவன் எழுந்து முகமூடியைத் தூக்கிவிட்டு என்னை முறைத்தான், கோச் ஓடிவந்து, எல்லாத்துக்கும் முடியாது என்கிறான், என்ன திமிர் இவனுக்கு, என்று கத்தினார். போர்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் கிடந்த பரமுதான் சிரித்துச்சிரித்து மூச்சு வாங்கி, சார், அவன் ஊரில் அதுதான் சரி, அவன் எல்லாத்துக்கும் சரி என்கிறான் சார், என்று புரியவைத்தான். அதற்கப்புறம் வெளிநாட்டுக்காரர்களுக்கு மேலும் கீழும் ஆட்டப் பழகினேன், கோயில் ஆடு மாதிரி. பரமுவுக்கு மட்டும் பழையபடி. அவனிடம் மேலும் கீழும் ஆட்டினால் ஏதோ அந்நிய ஆளிடம் கைகுலுக்குவது போலிருக்கும். எங்களுக்குள் சரிக்கு ஓர் அசைவு இருந்தது. வேண்டாம் என்பதற்கு ஒன்றும் இல்லை, தேவைப்படவில்லை, அவன் கேட்டு நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

எங்கள் தாத்தா ஒரு ராசா கதை சொல்லுவார். அந்த ராசா வாயைத் திறந்து பேசினால் மதிப்புக் குறைந்துபோகும் என்று தலையை மட்டும் ஆட்டுவானாம். ஒருநாள் ஆடு மேய்க்கிறவன் ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன் தலையை எடுத்துரவா ராசா என்று கேட்டார்களாம். ராசாவுக்கு விட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். அந்த நேரம் பார்த்து ராசா காதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதோடு நிறுத்திவிட்டு வெற்றிலை மடிப்பார். அப்பறம் தாத்தா. அப்பறமென்ன, ஈ பறந்துருச்சு. அந்த ஆளு என்ன ஆனான் தாத்தா. "நான் ஈயப் பத்தித்தானடா சொன்னேன்," என்பார். எனக்கு இத்தனை நாளும் அந்த ஆளைப் பற்றித்தான் கவலை. ராசாவைப் பற்றிக் கவலைப்படவேண்டும் என்று இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றுகிறது. பிறகு அந்த ராசா எப்படித் தூங்கினான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அரபு நாட்டில் லீவு நாள், கட்டட வேலைக்காரர்கள், ஓட்டல்காரர்கள், டிரைவர்கள், எல்லாம் நம் ஆட்கள், கேலரி நிறைய உட்கார்ந்து மாங்கா மாங்கா என்று கத்தினார்கள். திண்டுக்கல்லில் அழவைத்த அதே சொல். கண்ணை மூடிக்கொண்டால் நம் ஊர்தான். பரமு தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தான் அன்றைக்கு, எறிடா ராசா, விடாத, இன்னும் ஒரே ஒருத்தன்டா. எனக்கு முழங்கைக்கு உள்பக்கம் காலையிலிருந்தே சுள்ளென்று இருந்தது, நேராகப் போட்டால் தாங்கியது, திருப்பினால்தான் உயிர் போனது. அவன் ரெண்டு விரல் காட்டினான். நான் வேண்டாம் என்றேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, வேண்டாம் பரமு, ஒரு விரல் காட்டு, என்றேன், வாயால் இல்லை, வாயால் சொல்ல அங்கே வழியில்லை. அவன் முகமூடிக்குள் சிரித்தான். கையுறையை விரித்துக் கீழே வைத்தான். சரி என்று எடுத்துக்கொண்டான். வேறெப்படி எடுத்துக்கொள்வான், ஜென்மத்தில் நான் அவனுக்கு ஆட்டியதெல்லாம் அது ஒன்றுதானே. மேட்டிலிருந்து இறங்கிப் போயிருக்கலாம். இன்னொரு தடவை ஆட்டியிருக்கலாம், ஆட்டினால் இன்னும் சந்தோஷமாகச் சரி என்கிறான் என்றுதான் நினைத்திருப்பான். விரித்த கையுறை காத்துக்கொண்டிருந்தது. அது காத்திருந்தால் நான் எறிந்துவிடுவேன், எனக்கு வேறு தெரியாது. எறிந்தேன். மாங்காய்க் காம்பு ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், எனக்கு மட்டும்தான் கேட்டது, அப்புறம் காம்பிலிருந்து பால் தெறித்துத் தோலில் பட்டால் எரியுமே, அந்த எரிச்சல் முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும். பந்து அழகாக இறங்கியது. அடிக்கிறவன் காற்றில் வீசினான். ஜெயித்துவிட்டோம். பரமு ஓடிவந்து என்னைத் தூக்கினான், நான் அலறினேன், சந்தோஷத்தில் அலறுகிறேன் என்று அதையும் அவன், சரி, விடு, அவனை என்ன சொல்ல.

சரியென்றுதான் ஆட்டினேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. என் கை என் சரியால் போனதாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அப்படிச் சொன்னால் அன்றைக்கு அந்த மேட்டில் நின்று வேண்டாம் என்றவன் ஒருத்தன் இருந்தானே, அவனை யாருக்கும் தெரியாமல் நானே புதைத்தமாதிரி ஆகும், என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எனக்காக ஒன்று சொன்னவன் அவன். உண்மையைச் சொன்னால், சொன்ன நிமிஷத்திலிருந்து பரமு. இல்லை, அதை நினைக்கவேண்டாம். அகிலா கழுத்தில் அவன் போடுகிற முடிச்சு சரியாக விழாது. தையில் விமானம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், எறிகிறவன் இல்லாமல் பிடிக்கிறவனை மட்டும் அவர்கள் கூப்பிடப்போவதில்லை, அதை இன்றைக்கா சொல்வது, இன்றைக்கு இல்லாமல் எப்போது சொல்வது. "தம்பி எந்திரிங்க, கெட்டிமேளம்," என்று பெரியப்பா தோளைத் தட்டுகிறார். தவில் வெடிக்கிறது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பரமு தாலியைக் கையில் எடுத்துவிட்டான், எடுத்தவன் குனியாமல் கூட்டத்துக்குள் கண்ணை விட்டு என்னைக் கண்டுபிடித்துவிட்டான், இடது கை தாலிச்சரட்டோடு இருக்க வலது கையைத் தொடையோரம் இறக்கி, பட்டு வேட்டி மடிப்புக்குள் ஒளித்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ரெண்டு விரல். அட்சதைக்கு. போடுடா கர்வ். சிரிக்கப் பார்க்கிறான், பாவி. அப்புறம் குனிந்து கட்டுகிறான். எல்லாக் கைகளும் மேலே போகின்றன, மஞ்சளாக ஒரு மழை. நானும் கையைத் தூக்கி எறிகிறேன்.

ஒன்றும் போகவில்லை. விரித்த உள்ளங்கையில் ஒரு ரோஜா இதழ் மட்டும் வியர்வையில் ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். வேட்டியில், செருப்பில், நாற்காலிக்குக் கீழே, நான் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த ரெண்டு விரல் வழியாக அரிசி வழிந்துகொண்டே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. நிமிர்ந்தபோது பரமு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சைப் போட்டுவிட்டான், கடைசி முடிச்சை அவன் தங்கை போட்டுக்கொண்டிருந்தாள், அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான், கேட்ச்சர்கள் எறிகிறவன் கையைத்தான் பார்ப்பார்கள், அதிலிருந்து என்ன வருகிறது என்று. வெறும் கை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறகுதான் கண்ணைத் தூக்கினான், காலையில் கேட்டதையே கேட்டான், உதடு அசையாமல். சரின்னுதான ஆட்டுன.

நான் தலையாட்டினேன். பழையபடி ஆட்டினால் எது என்று அவனுக்குத் தெரியாமல் போகும், இந்தத் தடவை ஒரு சந்தேகமும் வரக்கூடாது என்று மேலும் கீழும் ஆட்டினேன், நன்றாக, நிறுத்தி. ஆமா பரமு, சரின்னுதான். ஆட்டி முடித்த பிறகுதான் அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆட்டுகிற ஆட்டம் அது, அவனுக்கு நான் ஒருநாளும் அதைக் கொடுத்ததில்லை. போட்டோக்காரர், மாப்ள சார் இங்க பாருங்க, சிரிங்க சார், என்றார். பரமு திரும்பவில்லை. அகிலா அவன் கையைத் தொட்டாள்.

பரமுவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வரிசைக்குள் நுழைந்து வந்தார், கீழே கிடந்த அரிசி அவர் காலில் நெரிந்தது, அதைக் கவனிக்கவில்லை, என் முழங்கையைப் பிடித்து மேடையைக் காட்டினார். "பாத்தியாய்யா. நெத்தியிலயே ஒட்டியிருக்கு பாரு ஒரு அரிசி. நீ எறிஞ்சதுதான அது." நான் தலையை ஆட்டினேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். "அதான பாத்தேன்," என்று அவர் சிரித்தார்.